அக்காவின் கழுத்தில் நான் விட்ட ரப்பர் பால்

என் அக்காவுக்குப் பிறக்கும்போதே கழுத்தின் வலப்பக்கத்தில் ஊசி குத்தியதுபோல ஒரு துளை இருந்தது. அவ்வப்போது அதிலிருந்து எச்சில்போல நீர் கசியும். நாகர்கோவிலில் டாக்டர் பார்த்துவிட்டு, துளை உள்ளே குழாயாகத் தொண்டைவரை போகிறது, அதை முழுவதும் வெட்டி எடுத்தால் சரியாகிவிடும் என்றார். கிறிஸ்துமஸுக்கு மறுவாரம் ஆப்பரேஷன். அதுவரை துளையை யாரும் தொடக்கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்.

கிறிஸ்துமஸ் அன்று ஆலயத்தில் அக்கா தனியாகப் பாடவேண்டியிருந்தது. அவளுக்குப் பதினொரு வயது, எனக்கு எட்டு. பாடும்போது சட்டைக் கழுத்து நனைந்தால் எல்லோரும் பார்ப்பார்களே என்று அழுதாள்.

அப்பாவுக்கு ரப்பர் மரத்தில் பால் வெட்டும் வேலை. குடையில் ஓட்டை விழுந்தால் இரண்டு சொட்டு ரப்பர் பால் விட்டு அடைத்துவிடுவார். பிறகு துளி மழை இறங்காது. குடைக்கு ஆவது கழுத்துக்கு ஆகாதா என்று எனக்குத் தோன்றியது.

கிறிஸ்துமஸ் காலையில் கொஞ்சம் பாலை எடுத்துவந்து அக்காவிடம் சொன்னேன். “ஏலே, நீறுமா?” என்று, எரியுமோ என்ற பயத்தில் கேட்டாள்.

“நீறாது. நீ அனங்காம இரி.”

அவள் அசையாமல் இருக்க, தென்னை ஈர்க்கில் நுனியால் பாலைத் தொட்டுத் துளைக்குள் விட்டேன்.

அக்கா நன்றாகப் பாடினாள். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. எனக்குத் தன் கேக்கில் பாதியைப் பிய்த்துத் தந்தாள்.

மூன்றாம் நாள் கழுத்து வீங்கிக் காய்ச்சல் வந்தது. எதனால் என்று அம்மா கேட்டாள். நாங்கள் இருவரும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு நாள் அப்படியே போயிற்று. பிறகு டாக்டர் வீக்கத்தைக் கீறியபோது சீழோடு ஒரு ரப்பர் துணுக்கும் வந்தது.

“இத யாரு வச்சது?” என்றார்.

“நான்தான் வச்சேன், சார்,” என்றாள் அக்கா.

“ஒனக்குக் கிறுக்கா மக்கா பிடிச்சிருக்கு?” என்று அம்மா அழுதாள். நான் அம்மாவுக்குப் பின்னால் நின்றேன். அக்கா என் பக்கம் திரும்பவேயில்லை.

புண் ஆறி, மாதங்கள் கழித்துத்தான் ஆப்பரேஷன் நடந்தது. உள்ளே சதை ஒட்டிப்போயிருந்ததால் குழாயின் ஒரு துண்டு தங்கிவிட்டது. கசிவு திரும்பி வந்தது. மறுபடியும் வெட்டினார்கள். தழும்பு விரல் நீளத்துக்குத் தடித்துப்போயிற்று. அதன்பின் அக்கா ஆலயத்தில் முன்னால் நின்று பாடவில்லை. அம்மா சாகும்வரை அது அக்கா செய்த வேலை என்றே நம்பினாள்.

பிள்ளைகளே, அந்த இரண்டு நாளும் அடிக்குப் பயந்துதான் நான் பேசாமல் இருந்தேன். நான் பேசாமல் இருந்த நேரமெல்லாம் அக்காவின் கழுத்துக்குள் சீழ் கோத்துக்கொண்டிருந்தது என்பது எட்டு வயதில் எனக்கு விளங்கவில்லை.