கேன்டீனில் கழிந்த லீவு

அத்திபெலேயில் இருக்கும் எங்கள் கியர்பாக்ஸ் தொழிற்சாலையில் இப்போது நான்தான் பிளான்ட் ஹெட். பெங்களூரு மர்பி டவுனில் நான் பிறந்து வளர்ந்த தெருவுக்கு மட்டும் இன்றும் 'கம்பெனிக்குப் போற பொண்ணு'. ஐம்பதை நெருங்கும் வயதில் பொண்ணு என்று கூப்பிட்டால் யாருக்குக் கசக்கும்?

இந்த நாற்காலிக்கு வருவதற்கு முன் ஒரு சோதனை ஓட்டத்தை நான் தனியாக நடத்திக் காட்ட வேண்டியிருந்தது. வாங்க வந்தவர் கண்முன்னால் முழுப் பாரத்தோடு ஒரு பகல் முழுக்க ஓடிக் காட்டாமல் எந்தப் பெரிய கியர்பாக்ஸும் எங்கள் கேட்டைத் தாண்டாது. எண்ணெய் அளவுக்கு மீறிச் சூடாகக் கூடாது, சத்தம் மாறக் கூடாது. நாமாக நடுவில் நிறுத்தினால் முதலிலிருந்து ஓட்ட வேண்டும். அதோடு வந்தவர் மனதில் சந்தேகமும் ஒட்டிக்கொள்ளும். அதனால் யாரும் நிறுத்துவதில்லை, சாமியைக் கும்பிட்டுக்கொண்டு ஓட்டிவிடுவார்கள். இந்த ஓட்டம் நல்லபடியாக முடிந்தால் பதவி எனக்கு, சொதப்பினால் புனேயிலிருந்து வேறொருவர் வருவார் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது.

ஓய்வு பெறவிருந்த என் மேலதிகாரியை நினைத்துத்தான் எனக்குக் கவலை. தங்கமான மனிதர். ஆனால் அவர் பக்கத்தில் நின்றால் வருகிறவர்கள் என்னிடம் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்கு அவர் முகத்தைப் பார்ப்பார்கள். அவராலும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டேன்.

"சார், அன்னிக்கு ஒரு நாள் மட்டும் லீவு போட்ருங்க."

முகம் கொஞ்சம் வாடித்தான் போனது. "சரிம்மா, அல்சூர் லேக்ல போய் வாக்கிங் பண்றேன்," என்றார்.

அந்த நாள் காலையில் செக்யூரிட்டி என்னிடம் ஓடி வந்தார். "மேடம், சார் வந்து கேன்டீன்ல உக்காந்துனு இருக்காரு. உங்க கிட்ட சொல்ல வேணாம்னாரு. அதான் சொல்றேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. போய் நாலு வார்த்தை கேட்டு வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று கிளம்பினேன். அதற்குள் வாடிக்கையாளரின் கார் உள்ளே வந்துவிட்டது. தமிழ்நாட்டுச் சர்க்கரை ஆலை ஒன்றின் தலைமைப் பொறியாளர் அவர். இறங்கியதும் முதல் கேள்வி, "சார் எங்க?"

"லீவு," என்றேன்.

ஓட்டம் அமைதியாகத்தான் ஆரம்பித்தது. காலை டீ வந்த நேரத்தில் சத்தத்தில் மெல்லியதாக ஒரு சீறல் கலந்தது. மீட்டர்கள் எல்லாம் சரியாகத்தான் காட்டின. சர்க்கரை ஆலைக்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"என்ன மேடம் இது? சாருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்."

போன் எதற்கு, கேன்டீன் சுவருக்கு அந்தப் பக்கம்தான். ஒரு குரல் கொடுத்தால் ஓடி வந்துவிடுவார். கொடுத்துவிடலாமா என்று ஆசையாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

"அவர் போன் எடுக்க மாட்டார்," என்று கூசாமல் சொல்லிவிட்டு, ஆபரேட்டரைப் பார்த்து, "நிறுத்துங்க," என்றேன்.

அவர் நம்பாமல் என்னையே பார்த்தார். இன்னொரு முறை சொன்னேன். மெஷின் நின்றது. அந்தச் சத்தம் நின்றால் எங்கள் தொழிற்சாலை முழுவதற்கும் தெரிந்துவிடும், கேன்டீனுக்கும்தான். என் கண் தானாக வாசல் பக்கம் போனது. யாரும் வரவில்லை.

வந்தவர் பார்க்கவே கியர்பாக்ஸைத் திறந்தோம். பற்களில் ஒரு கீறல்கூட இல்லை. கடைசியில் பார்த்தால், அதை ஓட்டும் மோட்டாரின் அடிப்போல்ட் ஒன்று தளர்ந்து, மோட்டார் துளி நகர்ந்திருந்தது. சரியாக உட்காரவைத்து, முடுக்கி, முதலிலிருந்து ஓட்டினோம். சாயங்காலமே ஊர் திரும்ப நினைத்திருந்த மனிதர் விளக்கு வைக்கும் நேரம் தாண்டியும் உட்கார வேண்டியதாயிற்று. சத்தம் மாறவே இல்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டு, "ஓடற மெஷினைத் தானா நிறுத்துன கம்பெனிய இப்பதான் மேடம் பாக்குறேன்," என்றார். "அடுத்தது எப்ப தருவீங்க?" என்று என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார்.

அவரை அனுப்பிவிட்டுக் கேன்டீனுக்குப் போனேன். காலையில் பாக்கி வைத்த கோபம் கையிருப்பில் இருந்தது. வாசலிலேயே சமையல்கார அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "சார் ஊட்டா கூட வேணாம்னுட்டாரு மேடம், ஒரு வாய் சாப்பிடல. மெஷின் நின்னுச்சே, அப்ப எழுந்து இந்தக் கதவு வரைக்கும் வந்தாரு. இதைப் புடிச்சுனு நின்னாரு. அப்புறம் திரும்பிப் போயி உக்காந்துட்டாரு."

அதைக் கேட்டதும் கோபம் போன இடம் தெரியவில்லை. பிறகு பதவிக் கடிதம் கைக்கு வந்தபோதுகூட நான் அவ்வளவு சந்தோஷப்படவில்லை.

மூலை மேசையில் திருட்டு முழி முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"எதுக்கு நிறுத்தினேன்னு கேக்க மாட்டீங்களா சார்?"

"கேட்டா நான் ஏதாவது சொல்லிடுவேன்மா," என்றார். "சாப்பிடலாமா? காலைலேர்ந்து பசிக்குது."