கியர் மாற்றாத மேடு

டிரைவருக்குப் பன்னிரண்டு நாள் லீவு கிடைத்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு அவர் செய்யப்போகிற காரியத்தைக் கேட்டு டிப்போவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. இருபத்திரண்டு வருஷமாக ஒரு நாள் போகவும் மறுநாள் வரவுமாகப் பஸ் ஓட்டுகிற அதே ரோட்டில், முந்நூற்றெண்பது கிலோமீட்டர், மகள் வீடு வரைக்கும் சைக்கிளில் போகப்போகிறாராம்.

"பஸ்ஸு சலிச்சுப்போச்சுன்னா ரயில்ல போங்கண்ணே. சைக்கிள் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார் மெக்கானிக்.

"சிரிய்யா, நல்லா சிரி. வண்டி ஓட்டுறவனுக்கு முன்னாடி போற லாரியோட முதுகுதான் தெரியும். அந்த ரோட்டுல ரெண்டு பக்கமும் என்ன இருக்குன்னு ஒரு தடவையாவது பாக்க வேணாமா?"

திட்டமெல்லாம் பக்காவாகப் போட்டிருந்தார். டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் கட்டம் கட்டி எழுதியிருந்தார்: நாளைக்கு எழுபத்தாறு கிலோமீட்டர் வீதம் போக ஐந்து நாள், மகள் வீட்டில் இரண்டு நாள், திரும்பி வர ஐந்து நாள். மொத்தம் பன்னிரண்டு. முதல் ராத்திரி தங்கல், எழுபத்தாறாவது கிலோமீட்டரில் இருக்கிற ஆற்றுப் பாலம். பஞ்சர் ஒட்டும் சாமான், இரண்டு ட்யூப், காற்றடிக்கும் பம்ப், மழைக்கோட்டு, முழங்காலுக்குத் தைலம். எல்லாம் கட்டில்மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தன. டிப்போவில் கழித்துப்போட்ட சீட் ரெக்சினை வாங்கிவந்து, கேரியரின் இரண்டு பக்கமும் தொங்குகிற மாதிரி பை தைக்கச் சொல்லி மனைவியிடம் கொடுத்திருந்தார்.

மனைவி வீட்டிலேயே தையல் மெஷின் வைத்து ஆஸ்பத்திரிக்கு உறைகளும் திரைகளும் தைத்துக் கொடுப்பவர். ரெக்சினை அளந்து வெட்டி மெஷின்மேல் வைத்தார். தைக்கவில்லை.

"அடுத்த ஞாயித்துக்கிழமை வெயிட்டக் கட்டிக்கிட்டு பாலம் வரைக்கும் போங்க. ரெண்டு மணிக்குள்ள பாலத்துல இருந்து போன் வரணும். வந்தா அன்னைக்கே பையைத் தைக்கிறேன். வரலைன்னா இந்த ரெக்சின்ல மெஷினுக்கு உறை தைச்சுக்குவேன்."

"எழுபத்தாறு கிலோமீட்டர்தானே? பாலம் வரைக்கும் கையகலத்துக்குக்கூட மேடு கிடையாது. கண்ணைக் கட்டி விட்டாலும் போயிடுவேன்."

"கண்ணைத் தொறந்துக்கிட்டே போங்க. போதும்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பினார். கேரியரில் இரண்டு தண்ணீர்க் கேன்கள். முதல் பத்து கிலோமீட்டர் பறந்தார். எதிரே வந்த டவுன் பஸ் டிரைவர் ஹாரன் அடிக்க, இவர் மணி அடித்தார். பதினைந்தில் ஏதோ பிரேக் பிடிக்கிற மாதிரி இருந்தது. இறங்கிச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார், சரியாகத்தான் சுற்றியது. இருபத்தைந்தில் காற்று குறைந்துவிட்டதோ என்று டயரை அமுக்கிப் பார்த்தார், கல் மாதிரி இருந்தது. ரோடு கண்ணுக்கு விரித்த பாய் மாதிரி சமமாகத்தான் கிடந்தது. கால்தான் ஒத்துக்கொள்ளவில்லை. முப்பதுக்குமேல் கொஞ்சம் மிதிப்பதும் கொஞ்சம் தள்ளுவதுமாக, நாற்பத்தாறாவது கிலோமீட்டரில் செங்கல் சூளைப் புகைக்கூண்டு தெரிந்தபோது மணி ஒன்று நாற்பது. மரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்தார்.

இன்னும் முப்பது கிலோமீட்டர். இருபது நிமிஷம்.

போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார். பாலம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? 'பாலத்துலதான் நிக்கிறேன், ஜில்லுனு காத்து வருது' என்று சொன்னால் முடிந்தது. மெஷின்மேல் வெட்டி வைத்திருந்த ரெக்சின் கண்ணில் வந்து நின்றது. இரண்டு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது போன் போட்டார்.

"நான்தான். சூளைகிட்ட உக்காந்திருக்கேன். பாலம் இன்னும் முப்பது இருக்கு."

மனைவி முதலில் கேட்டது இதுதான்: "சாப்ட்டீங்களா?"

"ரெண்டு முட்டை, ஒரு ரொட்டி."

"சரி. பஸ்ல வந்து சேருங்க."

கால்மணி நேரத்தில் அவருடைய பஸ்ஸே திரும்பி வந்தது. ஓட்டியவர் மாற்று டிரைவர். படியில் தொங்கியபடி வந்தவர், இத்தனை வருஷமும் இவரோடு ஜோடி போட்ட கண்டக்டர்தான்.

"அண்ணே, ஸ்டாப்பு அங்க இருக்கு, இருநூறு அடி முன்னாடி! ஸ்டாப்பு இல்லாத எடத்துல ஆளை ஏத்தக்கூடாதுன்னு நீங்க போட்ட சட்டம்தானே?"

"ஏய், காலு ரெண்டும் கழண்டு விழுந்துடும் போல இருக்கு. விளையாடாத."

சைக்கிள் மேலே ஏறியது. உள்ளே உட்கார இடமில்லை. டிரைவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தன் ரூட்டில், தன் பஸ்ஸில், அவர் நின்றுகொண்டு வருவது அன்றைக்குத்தான். கொஞ்ச தூரம் போனதும் உடம்பு தானாக முன்பக்கம் சாய்ந்தது. பிரேக் போட்டானோ என்று எட்டிப் பார்த்தார். இல்லை. நிமிர்ந்தார். மறுபடியும் சாய்ந்தது. பின்சீட்டுக்காரர் பையிலிருந்து உருண்ட ஒரு வெங்காயம் நிதானமாக டிரைவர் சீட்டை நோக்கிப் போயிற்று.

"இது எறக்கமாடா?" என்றார்.

"சூளையிலேர்ந்து நம்ம ஊரு வரைக்கும் எறக்கம்தான். அப்போ காலைல நீங்க மிதிச்சதெல்லாம் என்னவாம்?" கண்டக்டர் வெங்காயத்தைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார். "நீங்க கியர் மாத்துனாத்தான் மேடும்பீங்க. டாப் கியர்லயே ஏறிட்டா அது ஒங்களுக்குச் சமம். நின்னுக்கிட்டு வர்றவனைக் கேக்கணும்ணே."

டிரைவர் ஊர் வரைக்கும் கம்பியை விடாமல், சாய்வதையும் நிமிர்வதையும் கவனித்துக்கொண்டே வந்தார்.

இறங்கிச் சைக்கிளை வாசலில் நிறுத்தினார். ரெக்சின் வைத்தது வைத்தபடி இருந்தது.

"உறையே தைச்சுக்கோ" என்றார்.

மனைவி தண்ணீர்ச் சொம்பை நீட்டினார். "பாலத்துல இருக்கேன்னு சொல்லிடுவீங்களோன்னுதான் பயந்துக்கிட்டு இருந்தேன்."

"சொன்னா நீ நம்பியிருப்பியே."

"நம்பியிருப்பேன். அதான் பயம். நாளைக்கு எங்கேயாவது விழுந்து கெடந்தா எந்த எடம்னு நான் யாரைப் போய்க் கேக்கறது? சூளைன்னா சூளைன்னு சொல்ற ஆளை அனுப்பலாம்." டிரிப் ஷீட்டை எடுத்துப் பிரித்தார். "ஆனா இந்தக் கணக்குக்கு அனுப்ப மாட்டேன். இது பஸ்ஸுக்குப் போட்டது. காலுக்குப் போடுங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை இன்னொரு தடவை பாக்கலாம்."

மறுநாள் டூட்டி இல்லாத கண்டக்டர் சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். சமையலறைக் கதவின் மேல்சட்டத்தைப் பஸ் கம்பி மாதிரி ஒரு கையால் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். மனைவி பேப்பரும் பென்சிலுமாகத் தரையில் உட்கார்ந்தார்.

"ரயில்வே கேட் தாண்டுனதும் லேசா பின்னாடி சாயுவேன். குடோன் வரைக்கும் அப்படியேதான். குடோன்ல கொஞ்சம் நேரா நிப்பேன், அங்க எறங்கி உக்காரணும். அப்புறம் சூளை வரைக்கும் பின்னாடி, பின்னாடி, பின்னாடி…" சொல்லச் சொல்ல உடம்பும் சாய்ந்தது.

"பாத்துண்ணே, பின்னாடி அடுப்பு!" என்றார் மனைவி.

"சூளைக்கு அப்புறம் பாலம் வரைக்கும் முன்னாடி. சூளைல தங்கிட்டா மறுநாள் காலைல மிதிக்கவே வேணாம், சும்மா உக்காந்துக்கிட்டே போலாம்."

இப்படியே முந்நூற்றெண்பது கிலோமீட்டரும் அந்தச் சமையலறையில் சாய்ந்து நிமிர்ந்தது. பேப்பரில் ஐந்து நாள் எட்டு நாளானது. முதல் தங்கல் செங்கல் சூளை. மகள் வீட்டில் மூன்று நாள். சைக்கிளைப் பஸ்மேல் போட்டுக்கொண்டு திரும்ப ஒரு நாள். கூட்டினால் அதே பன்னிரண்டு.

"எட்டாவது நாள் நானும் பஸ் ஏறி அங்க வந்துடறேன்" என்று மனைவி தன் பங்குக்கும் ஒரு வரி எழுதிக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குக் கிளம்பியவர் எதற்கும் அவசரப்படவில்லை. கேட் தாண்டியதும் மெதுவாக மிதித்தார், குடோனில் இறங்கி உட்கார்ந்தார். ரோட்டின் இடப்பக்கம் ஒரு தாமரைக் குளம் இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தார். பதினொன்றரைக்குச் சூளை ஸ்டாப்பிலிருந்து போன் போனது.

"வந்துட்டேன். சூளை."

"அதுக்குள்ளயா? உண்மையச் சொல்லுங்க, பஸ்ல ஏறிட்டீங்களா?"

அவர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், போனுக்குள் தையல் மெஷின் கடகடவென்று ஓடுகிற சத்தம் கேட்டது.

"பையைத் தைக்க ஆரம்பிச்சுட்டியா?"

"ஒரு பக்கம் காலைலயே முடிஞ்சுது" என்றார் மனைவி. "போனை வைங்க. நூல் அறுந்துடப் போகுது."