சித்திரைக்குள் மாறிவிட நினைத்தேன்

நான் திருநங்கை. சோழவந்தான் பக்கத்து ஊரில் பிறந்து, இப்போது மதுரையில் தையற்கடையில் வேலை பார்க்கிறேன். வீட்டைவிட்டு வந்த பிறகு அம்மாவோடு பேச்சில்லை. ஆனால் சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும்போது அவள் எந்த இடத்தில் சர்க்கரை நிரப்பிச் சூடம் ஏற்றிய செம்போடு நிற்பாள் என்று எனக்குத் தெரியும்.

இந்த வருஷம் அவள் பக்கத்தில் போய் நின்று, "அம்மா" என்று கூப்பிட ஆசை. பார்த்ததுமே மகளாகத் தெரிய வேண்டும்.

அரசு ஆஸ்பத்திரியில் எங்களுக்குச் சிகிச்சை உண்டு. கவுன்சலிங், பரிசோதனை என்று மெதுவாகத்தான் நடக்கும். எனக்குப் பொறுமை இல்லை. தோழி சொன்ன ஹார்மோன் மாத்திரையை மெடிக்கலில் வாங்கிப் போட்டு, திருவிழா நெருங்க நெருங்க அளவைக் கூட்டிக்கொண்டே போனேன்.

அழகர் வருவதற்கு முந்தின நாள் கெண்டைக்கால் வீங்கி, நடக்க முடியவில்லை. கடையில் கூட வேலை பார்க்கும் அக்கா ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். என்ன மாத்திரை போடுகிறாய் என்று டாக்டரம்மா கேட்டதும் பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

"சும்மா சொல்லு தாயி, நான் வைய மாட்டேன்" என்றார்.

தாயி என்று என்னை யாரும் கூப்பிட்டதில்லை. அழுதபடி எல்லாவற்றையும் சொன்னேன். அளவில்லாமல் போட்ட மாத்திரையால் காலில் ரத்தம் உறைந்திருந்தது.

"நுரையீரலுக்குப் போயிருந்தா உசுருக்கே ஆபத்து. எதுக்கு இம்புட்டு அவசரம்?"

அழகர் இறங்கியதை வார்டில் படுத்தபடி செல்போனில்தான் பார்த்தேன். எரியும் சூடங்களுக்கு நடுவே அம்மா முகத்தைத் தேடினேன்.

இப்போதெல்லாம் டாக்டரம்மா சொல்லும் அளவுக்கு மேல் ஒரு மாத்திரைகூடப் போடுவதில்லை. மனசு தாங்காத நாளில் கவுன்சலரிடம் போய் அழுதுவிட்டு வருகிறேன். அடுத்த சித்திரைக்கும் அழகர் வருவார், அம்மாவும் வருவாள். நான் இருக்க வேண்டுமே.