அம்மாவுக்கு நான் வைத்த பரீட்சை

ஐந்தாம் வகுப்பு படிக்கும்போதே நான் ஒரு நர்ஸுக்கு இங்கிலீஷ் டீச்சராக இருந்திருக்கிறேன். சும்மா பீற்றிக்கொள்ளவில்லை, நிஜம்தான். அந்த நர்ஸ் என் அம்மா.

அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரி அம்மாவுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. அதற்கு முன்னால் இங்கிலீஷ் பரீட்சையில் தேறியாக வேண்டும். அதில் பேச்சுக்கென்று ஒரு பகுதி. எதிரே உட்கார்ந்திருப்பவர் ஒரு அட்டையை நீட்டுவார். அதிலிருக்கும் தலைப்பைப் பற்றித் தடுமாறாமல், கோர்வையாக, இரண்டு நிமிடம் பேச வேண்டும். முதல் தடவை மற்றதிலெல்லாம் நல்ல மார்க் வாங்கிவிட்டுப் பேச்சில் கோட்டை விட்டாள் அம்மா. இன்னொரு தடவை கோட்டை விட்டால் அந்த வேலையும் போய்விடும். அப்பா வேலை பார்த்த மில்லை மூடி ஒரு வருஷம் ஆகியிருந்தது. ரெட்டியார்பாளையம் வாடகை வீட்டில் சமையலும் என் தலைபின்னலும் அப்பா கைக்கு வந்து, அம்மாவின் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

எதிர்வீட்டில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். அந்த வீட்டு அண்ணன்கள் பெட்டியோடு கிளம்பும்போதெல்லாம் அம்மாவுக்கு வயிறு எரியும்.

“அவங்க தாத்தா பிரெஞ்சுக்காரன் போனப்ப என்னைக்கோ ஒரு கையெழுத்துப் போட்டாரு, பேரனுங்க ப்ளேன் ஏறுறானுங்க. நான் வாயாலயே ஏறணும்!”

வாயால் ஏறுவதற்குத்தான் லாஸ்பேட்டையில் ஒரு கோச்சிங் சென்டருக்குப் போனாள். அங்கே சார் நாற்பது தலைப்புக்கு நாற்பது பதில் எழுதிக் கொடுத்திருந்தார். அம்மா அத்தனையும் மனப்பாடம். நான் அப்பாவின் கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு, அலாரம் கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிச் செய்த அட்டையை நீட்டுவேன். கான்வென்ட்டில் படிக்கிற திமிர் எனக்கு. ‘உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்ற அட்டை வந்ததும் அம்மா கண்ணை மூடிக்கொண்டு இங்கிலீஷில் கடகடவென்று ஒப்பித்தாள். எங்கள் ஊரின் நடுவில் ஒரு பெரிய பாறை இருக்கிறது, அதன் உச்சியில் பிள்ளையார் இருக்கிறார்.

“நம்ம ஊர்ல ஏதும்மா பாறை?”

“சாருக்குத் திருச்சிடி. அவரு எழுதிக் குடுத்தத அப்படியேதான் எல்லாரும் படிக்கிறோம்.”

“அப்ப உங்க கிளாஸ் மொத்தமும் மலைக்கோட்டையில இருந்தா வர்றீங்க?”

அடுப்படியில் அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. முதல் பரீட்சையில் எதிரே இருந்தவர், அந்தப் பாறைமேல் கடைசியாக எப்போது ஏறினீர்கள் என்று கேட்டாராம். ஏறியிருந்தால்தானே சொல்வதற்கு? அதோடு வாயடைத்தவள்தான், பிறகு எதைக் கேட்டாலும் ‘ம்… ம்…’ மட்டும்தான் வந்ததாம். பாவம், சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரு சனிக்கிழமை எனக்குச் செருப்பு வாங்கப் போக வேண்டியிருந்தது. அப்பா என்னைக் கோரிமேட்டுப் பக்கம் அம்மா வேலை பார்த்த தனியார் ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டார். மத்தியானம் இரண்டு மணி. அம்மாவின் டியூட்டி முடிந்து அடுத்த டியூட்டிக்கு ஒரு கேரளா சிஸ்டர் வந்திருந்தார். கிளம்புகிற நர்ஸ் ஒவ்வொரு பெட்டாக நின்று, அந்த நோயாளியின் நிலவரத்தை வந்திருப்பவரிடம் சொல்லி ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். ‘ஓவர் குடுக்கறது’ என்பார்கள். அந்த சிஸ்டருக்குத் தமிழ் அவ்வளவாக வராது. அதனால் எல்லாம் இங்கிலீஷ்.

நான் அசந்துபோனேன். யார், எதற்காக வந்தார், நேற்று என்ன ஆனது, இப்போது எப்படி இருக்கிறார், இனி எதைக் கவனிக்க வேண்டும் என்று பத்து பெட்டுக்கும் அம்மா ஓட்டமாகச் சொல்லிக்கொண்டே போனாள். கேரளா சிஸ்டர் நடுநடுவே குறுக்குக் கேள்வி கேட்டார். அதற்கும் பதில் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். ஒரு ‘ம்’ கூட இல்லை.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். “ம்மா, இங்க மட்டும் எப்படிம்மா இப்படிப் பேசுற?”

“அது பேச்சாடி? அது வேல.”

அன்று சாயங்காலமே புது அட்டை போட்டேன். “நம்ம ஊரு அஞ்சாம் நம்பர் பெட்டுல படுத்திருக்கு. ஓவர் குடு, பாப்போம்.”

அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்து முடித்துவிட்டு ஆரம்பித்தாள். பேஷண்ட்டுக்கு வயது சரியாகத் தெரியவில்லை. ரொம்ப நாள் பிரெஞ்சுக்காரர்கள் பொறுப்பில் இருந்தார். இப்போது பரவாயில்லை. ஆனால் சனி, ஞாயிறு கூட்டம் வந்தால் மூச்சு முட்டுகிறது. மழைக்காலத்தில் தண்ணீர் கட்டிக்கொள்ளும், கவனம். அலாரம் அடித்த பிறகும் பேசிக்கொண்டிருந்தாள். சாரின் நோட்டு அன்றைக்கே பரண் ஏறியது. பிடித்த சாப்பாடு, மறக்க முடியாத பயணம், உதவி செய்த நண்பர் என்று இரண்டு வாரத்தில் எல்லாரும் எங்கள் வீட்டில் அட்மிட் ஆகிக் குணமாகிப் போனார்கள். எனக்குப் பெருமை தலைக்கேறிவிட்டது.

பரீட்சைக்கு முந்தின நாள் கடைசி அட்டை, ‘உங்கள் குடும்பத்தில் ஒருவர்’.

“யாரச் சொல்லட்டும்?”

“என்னையே சொல்லேன்.”

அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அப்பா கத்தியை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அம்மா தொடங்கினாள். பெண், பத்து வயது. பல் தேய்த்துவிட்டேன் என்பாள், பிரஷ்ஷைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இடி என்றால் பயம், கேட்டால் இல்லை என்பாள், பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும். கோபம் வந்தால் சாப்பிட மாட்டாள். கெஞ்சக் கூடாது. தட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிட்டால் தானே சாப்பிடுவாள்.

“இருமலுக்கு எது, அந்த நீல மூடி மருந்தா?” என்றார் அப்பா.

“ஆமா. அரை மூடிதான். அதுக்கு மேல வேணாம்.”

“அப்பா, நடுவுல பேசாதீங்க! ம்மா, தமிழ்ல பதில் சொல்லக் கூடாது!” என்று கத்தினேன். அலாரம் அடித்தது. அம்மா நிறுத்தவில்லை. நான்தான் அதை அமுக்கி நிறுத்தினேன்.

பத்துக்கு ஒன்பதரை போட்டேன். அரை மார்க் ஏன் போச்சு என்று அம்மா கேட்டாள்.

“எக்ஸாமினர் நான் இங்க இருக்கேன். நீ முழுக்க அப்பாவையே பாத்துப் பேசுற.”

அப்பா எழுந்து போய் மறுபடி அவரைக்காயை நறுக்க ஆரம்பித்தார். அந்தத் தடவை அம்மா தேறினாள். நான்தான் பாஸ் பண்ண வைத்தேன் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பாஸானால் அடுத்த வகுப்புக்குப் போவார்கள், சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். பரீட்சை என்றால் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.