புத்தக முதுகில் இருந்த ஆண்டு

அமெரிக்காவின் டோலடோ நகரில் நாங்கள் வேலை பார்த்த வக்கீல் அலுவலகத்தில் டொரோத்தி வோய்சிக் என்ற பெயரைக் கேட்டாலே புது வக்கீல்கள் தங்கள் மனுவை இன்னொரு முறை புரட்டிப் பார்ப்பார்கள். நாங்கள் அவளை டாட் என்று கூப்பிடுவோம். மேல்முறையீட்டு மனுக்களில் வரும் சட்டப் பிரிவுகளைச் சரிபார்ப்பது அவள் வேலை. தட்டச்சு என் வேலை. கூட்டாட்சிச் சட்டம் என்றால் பிரிவு எண்ணுக்குப் பின்னால் ஓர் ஆண்டு வரும். அது சட்டம் பிறந்த ஆண்டு அல்ல, நாம் பார்த்த புத்தகத்தின் ஆண்டு. மனப்பாடமான பிரிவுக்கும் அவள் எழுந்து போய்ப் புத்தகத்தை எடுப்பாள். பைத்தியம் என்று நானே சொல்லியிருக்கிறேன். சும்மா வந்த பைத்தியம் இல்லை அது.

எண்பத்தேழில் கர்ட்டிஸ் பெல்லமி என்ற லாரி ஓட்டுநரின் மேல்முறையீடு எங்களிடம் வந்தது. தவக்காலத்து வெள்ளிக்கிழமை, மாதா கோயிலில் மீன் வறுவல் விருந்து, பரிமாற ஆளில்லை என்று அவளுக்கு அவசரம். புத்தகத்தின் முதுகில் போட்டிருந்த 1982-ஐ அப்படியே எழுதிவிட்டாள். ஆண்டுதோறும் வரும் திருத்தங்களை மெல்லிய இணைப்பாக அச்சிட்டுப் பின்னட்டை உறையில் செருகி வைப்பார்கள். அதை அவள் உருவிப் பார்க்கவில்லை. பெல்லமி குற்றம் செய்யும் முன்பே அந்தப் பிரிவின் தண்டனையைக் குறைத்திருந்தார்கள். எதிர்த்தரப்பும் பார்க்கவில்லை, நீதிபதிகளும் பார்க்கவில்லை. மனு பார்வைக்குச் சுத்தமாக இருந்தது, தள்ளுபடியும் ஆனது.

மூன்று ஆண்டு கழித்து வேறு வழக்குக்காக இணைப்பை உருவியபோதுதான் திருத்தமும் அதன் தேதியும் கண்ணில் பட்டன. அவள் முகம் வெளுத்ததை எதிர் மேசையிலிருந்து பார்த்தேன். நேரே எங்கள் வக்கீல் ஆலன் பிரூயிட்டிடம் போனாள். கதவைச் சாத்தினார்கள், ஆனால் எங்கள் சுவர் பலகைச் சுவர், பேச்செல்லாம் கேட்டது.

"யாரும் பாக்கல, டாட். அரசாங்க வக்கீலே பாக்கல. நீயா போய் ஏன் தலையக் குடுக்கற?"

"அவன் உள்ள இருக்கான், ஆலன். நீங்க எழுதலைன்னா நானே கோர்ட்டுக்கு எழுதறேன்."

அவரே எழுதினார். பிரமாணப் பத்திரத்தில் தவறு தன்னுடையது என்று டாட் கையெழுத்துப் போட்டாள். அந்தத் துணிச்சல் எனக்கு இருந்திருக்காது. ஐந்து மாதத்தில் பெல்லமி வெளியே வந்தார். சரியான வாசகப்படி பார்த்தால் இரண்டு ஆண்டுக்கு முன்பே வந்திருக்க வேண்டியவர்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவரே அலுவலகத்துக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நான் எழுந்து நின்றுவிட்டேன். தொப்பியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, அந்த இணைப்பைப் பார்க்க வேண்டும் என்றார். டாட் எடுத்துப் பக்கத்தைப் பிரித்து முன்னால் வைத்தாள். வரிக்கு வரி விரல் வைத்து, உதடு அசைய, நிதானமாகப் படித்தார். பிறகு மூடினார்.

"இதப் படிக்க மூணு நிமிஷம்கூட ஆகலையேம்மா."

"ஆகாது," என்றாள் டாட்.