பூசையில் வைத்த மடிக்கணினி

நவராத்திரியின் கடைசி மூன்று நாள் நடக்கும் சரஸ்வதி பூசைக்கு எங்கள் வீட்டில் புத்தகம் மட்டும் வைப்பதில்லை. என்னுடைய மண்வெட்டி, மோட்டர் கழற்றும் சாவி, மனைவியின் தையல் மெசின் எல்லாம் துடைத்துச் சாமியறைக்குப் போகும். வைத்தால் விஜயதசமி விடியும்வரை தொடமாட்டோம். தோட்டத்தில் அவசரம் வந்தால் பக்கத்துக் காணியில் மண்வெட்டி இரவல் கேட்பேனே தவிர, வைத்ததை எடுக்கமாட்டேன்.

அந்த வருடம் மகளின் மடிக்கணினியும் பூசைக்கு வந்தது. அவள் அப்போது உயர்தர வகுப்பில் கணினிப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். மூடியின் மேல் மனைவி சந்தனம் தொட்டுச் செவ்வரத்தம்பூ வைத்தாள். அதன் வயர், சோடனை பல்புகளோடு சேர்ந்து செருகியபடியே கிடந்தது. ஒருவரும் கவனிக்கவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் தோட்டத்தால் வந்து, குளித்து, திருநீறு பூசப் போனேன். காலையில் மாற்றிய பூக்கள்தான். புத்தகங்களின் மேல் இருந்தவை விரிந்தபடி இருந்தன. மடிக்கணினியின் மேல் இருந்தது மட்டும் சுருங்கிக் கறுத்துப் போயிருந்தது. சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. கையை வைத்துப் பார்த்தேன். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றிபோலச் சுட்டது. உள்ளே இருந்து மெல்லிய இரைச்சல், மூச்சு விடுவதுபோல வந்து வந்து போனது.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கைகூப்பினாள்.

"இஞ்சாருங்கோ, அம்மாள் வந்து இருக்கிறா."

நான் மறுக்கவில்லை. எனக்கும் உடம்பு புல்லரித்தது. இரண்டு பேரும் விழுந்து கும்பிட்டோம்.

பின்னேரம் மகள் வகுப்பால் வந்தாள். தாய் சொன்னதைக் கேட்டுச் சிரித்தாள்.

"உள்ளுக்கை இருந்து அம்மாள் படம் பாக்கிறாவோ?"

"வாயைக் கழுவடி. பூசை நேரத்திலை கதைக்கிற கதையே உது?"

சிரித்துக்கொண்டே அவளும் கையை வைத்தாள். பிறகு சிரிக்கவில்லை.

"அப்பா, மூடினாலும் ஓடுற மாதிரித்தான் வைச்சிருக்கிறன். ஆனால் சும்மா கிடந்தால் இப்பிடிச் சுடாது. நான் ஒரு வேலையும் குடுக்கேல்லை. ஆரோ வெளியிலை இருந்து இதிட்டை வேலை வாங்குகினம்."

"வைச்சதை எடுக்கப்படாது. விஜயதசமி மட்டும் பொறு," என்றாள் மனைவி.

"அதுக்கிடையிலை எல்லாத்தையும் எடுத்துப் போடுவாங்கள் அம்மா." மகள் என்னைப் பார்த்தாள்.

நான் அம்பாள் படத்தைப் பார்த்தேன். குற்றமென்றால் அது என்னோடு போகட்டும் என்று மனதுக்குள் சொல்லி, பூவை எடுத்துக் கீழே வைத்து, மூடியைத் திறந்தேன்.

திரையில் அம்புக்குறி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் மூன்று பேரின் கைகளும் அவரவர் மடியில்தான் இருந்தன. அது மகளின் படங்கள் இருந்த இடத்தைத் திறந்து, ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, மூடி, அடுத்ததுக்குப் போனது. கீரிமலைக்கு வகுப்புப் பிள்ளைகளோடு போனபோது எடுத்த படங்கள். சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிறவர்போல, அவசரமே இல்லாமல் பார்த்தது. பூசையில் வைத்ததை நாங்கள் தொடமாட்டோம் என்று தெரிந்துதான் வந்ததோ என்று ஒரு கணம் நினைத்தேன்.

மகள் மெதுவாக ஒரு விரலை வைத்தாள். அம்புக்குறி நின்றது. நாங்களும் அசையவில்லை. அதுவும் அசையவில்லை. அந்தப் பக்கத்தில் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு எங்களைக் கவனிப்பதுபோல இருந்தது. பிறகு திரைக்கு மேலே சின்ன வெளிச்சமொன்று பற்றியது.

"அப்பா, கமரா."

சந்தனக் கிண்ணத்தில் விரலை விட்டு அந்தக் கண்ணில் அப்பினேன். மகள் விறாந்தைக்கு ஓடி இணையப் பெட்டியின் வயரைப் பிடுங்கினாள். அம்புக்குறி ஒரு பிள்ளையின் முகத்துக்கு மேலே அப்படியே நின்றுவிட்டது.

பிறகுதான் எனக்கு விளங்கும்படி சொன்னாள். கணினியை நடத்துவது பணிசெயல் முறைமை என்றாள். அவளின் பாடப்புத்தகத்தில் உள்ள சொல். எந்த வேலையை உள்ளே விடுவது, எதை வாசலில் மறிப்பது என்று பார்க்கும் வீட்டுக்காரர் மாதிரி அது. பள்ளிக்கூட வேலைக்குப் படம் வரைகிற மென்பொருள் ஒன்றை எங்கேயோ இருந்து இலவசமாக இறக்கியிருக்கிறாள். வைரஸ் வராமல் மறிக்கிற காவல் மென்பொருளை நிற்பாட்டினால்தான் போடலாம் என்று அதில் இருந்ததாம். நிற்பாட்டியிருக்கிறாள்.

"உள்ளுக்கை விடட்டோ எண்டு லப்டொப் என்னட்டைக் கேட்டது அப்பா. நான்தான் ஓம் எண்டு அமத்தினனான்."

சொல்லிவிட்டு அழுதாள். அழுதபடியே என் தொலைபேசியை வாங்கி, தன்னுடைய கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் மாற்றினாள். மடிக்கணினியை முழுக்க அழித்துப் புதிதாகப் போட வேண்டுமாம். பள்ளிக்கூட வேலைக்குப் பிரதி வேறு இடத்தில் இருந்தது. படங்களை நினைத்துத்தான் பயம்.

"நாங்கள் அழிக்கிறது எங்களிட்டை இருக்கிறதை மட்டும்தான் அப்பா. போனது போனதுதான்."

வெளியில் கதைக்க வேண்டாம், பொம்பிளைப்பிள்ளை என்றாள் மனைவி. என் மனதிலும் அதுதான் இருந்தது.

"படத்திலை நான் மட்டுமே அம்மா நிக்கிறன்?" என்று கேட்டாள் மகள்.

விளக்கு வைக்க முன்னம், அம்புக்குறி நின்ற முகத்துக்குரிய பிள்ளையின் வீட்டுக்கு நானும் அவளும் போனோம். இரண்டு ஒழுங்கை தள்ளித்தான். அந்தப் பிள்ளையின் தாய் முற்றம் கூட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன அண்ணை, பூசை நேரம் தேப்பனும் மகளும்? அவல் கடலையோ?" என்று பகிடி விட்டார்.

மகள் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். கேட்கக் கேட்க அவர் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"எங்கையும் போட்டிட்டாங்களோ?"

"தெரியாது அன்ரி. போடாமலும் விடுவாங்கள். எப்பவாவது போட்டாலும் போடுவாங்கள். அதுதான் சொல்ல வந்தனான்."

"ஆர் எண்டு கண்டுபிடிக்கேலாதோ அண்ணை?"

நாளைக்குப் பொலிசில் சொல்லப்போகிறேன் என்றேன். அவர் தலையாட்டினார். எங்களுக்குப் பின்னால் ஒழுங்கையைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"படத்திலை என்ரை பிள்ளை என்ன உடுப்புப் போட்டிருந்தவள்?"

சண்டைக் காலத்தில், காணாமல் போன பிள்ளையைக் கண்டதாகச் சொன்னவர்களிடம் தாய்மார் கேட்ட கேள்வி அது என்பது எங்கள் பகுதியில் எல்லோருக்கும் தெரியும்.

"நீலச் சட்டை அன்ரி. தலையைப் பின்னாமல் விட்டிருந்தவள்."

"நீலச் சட்டை," என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, "பிள்ளை," என்று கூப்பிட்டார்.

"என்னம்மா?" என்று உள்ளே இருந்து குரல் வந்தது.

"ஒண்டுமில்லை," என்றார்.