பீரோவை நகர்த்திய ஜோசபின் அக்கா

ஜோசபின் அக்கா இறந்துவிட்டார் என்று, பாரிஸிலிருந்து வந்து அவரோடு தங்கியிருந்த மகள் போனில் சொன்னபோது நான் கோட்டுச்சேரி பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன். "இருமவே இல்ல, தூங்குறாங்கன்னு நெனச்சேன்" என்றாள் அந்தப் பெண். எனக்குத் துக்கத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

எங்கள் அலுவலகத்தின் கீழறையில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அந்தக் கோபம் புரியும். பிரெஞ்சுக்காரர் காலத்துக் கட்டடம். பழைய பிறப்புப் பதிவேடுகள் இருக்கும் அறை. கடல்காற்றில் காகிதம் நமுத்துவிடும் என்று ஜன்னல்களை ஆணியடித்து மூடியிருந்தார்கள். சுவரோ இடுப்புயரத்துக்கு ஓதம் ஏறிப் பூசணம் பூத்துக் கிடந்தது.

அக்காவுக்கு இருமல் தொடங்கியது அங்கேதான். லீவு போட்டுப் பாரிஸில் மகள் வீட்டுக்குப் போனார், இருமல் நின்றது. திரும்பி வந்த முதல் வாரமே மூச்சு இழுத்தது. பிரான்ஸ் க்ளைமேட் அவருக்கு ஒத்துக்கொள்கிறது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள்.

"க்ளைமேட் இல்லங்க, செவரு" என்பார் அக்கா. "ஞாயித்துக்கிழம இதே காரைக்கால்லதான் இருக்கேன். அன்னைக்கு மட்டும் ஏன் வரல?"

மேலதிகாரி வருகிறார் என்றால் எங்கள் சூப்பிரண்டெண்ட் பீரோக்களை நகர்த்தாமல், கண்ணுக்குத் தெரிகிற சுவருக்கு மட்டும் வெள்ளையடிக்கச் சொல்வார். வாடைக்குச் சாம்பிராணி. அந்தப் புகையில் அக்காவுக்கு இன்னும் இழுக்கும். அப்படி ஒரு நாள் உள்ளே வந்த அதிகாரி, "வாசனையா நல்லா வச்சிருக்கீங்களே" என்றார். சூப்பிரண்டெண்ட் முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

அக்கா எழுந்தார். பேச அவருக்கு மூச்சு இல்லை. நேரே போய்ப் பீரோவைப் பிடித்து இழுத்தார்.

"ஜோசபின், என்ன பண்றீங்க?"

நான் மறுபக்கம் பிடித்தேன். எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை. பீரோ கிறீச்சிட்டு நகர்ந்தது. பின்னால் சுவர் முழுக்கக் கரும்பச்சைப் பூசணம், கம்பளி போர்த்தியதுபோல.

"கிட்ட வந்து ஒரு தடவ மூச்ச இழுங்க சார்" என்றார் அக்கா. அதிகாரி கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

அவர் போனதும், "உங்கள மாத்தச் சொல்லி எழுதிடுவேன்" என்று பல்லைக் கடித்தார் சூப்பிரண்டெண்ட்.

"எழுதுங்க சார். காத்து வர்ற எடமாப் பாத்து எழுதுங்க."

அடுத்த மழைக்கு முன் எங்கள் பிரிவு மாடிக்குப் போனது. அக்காவுக்குத்தான் காலம் கடந்துவிட்டது. நுரையீரல் இறுகிவிட்டது என்றார் டாக்டர். மாடிப்படியில் பாதியில் நின்று, "நீ ஏறு, நான் வர்றேன்" என்பார். அதைக் கேட்க எனக்குத் தாங்காது.

நேற்று அடக்கம் முடிந்தது. இன்று வேலைக்கு வந்தபோது, அவர் வழக்கமாக நிற்கும் படியில் நின்று பார்த்தேன். எனக்கு மூச்சு வாங்கவில்லை. அக்கா எனக்கு விட்டுப்போனது இந்த மூச்சுதான்.